மூன்றாவது துளையில் ஒன்றுமே இல்லை

போன ஐப்பசியில், விடாமல் மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த காலை, கடைசல் மெஷினின் இரும்பில் கை வைத்ததும் விரல் நுனியில் சுருக்கென்றது. எறும்பாக இருக்கும் என்று கையை உதறிவிட்டு மறுபடி தொட்டேன். தரை ஈரம், காலில் செருப்பில்லை. இந்தமுறை மணிக்கட்டு வரை ஒரு நடுக்கம் ஏறியது. எறும்பு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்குள் போய் அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "மெயினை அமத்து கண்ணு. அப்புறம் பேசலாம்" என்றார்.

எங்கள் வீடு கோவையில், கணபதிப் பக்கம். அப்பா இங்கேதான் நாற்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டினார். மோட்டாரும் பம்பும் செய்து பிழைக்கிற ஊர் இது. தெருவுக்கு ஒரு காயில் கடையாவது இருக்கும். வார்னிஷ் வாசனையிலேயே வளர்ந்த எனக்கு மோட்டார் பிடித்ததைவிட மரம் அதிகம் பிடித்துப்போனது. வீட்டோடு கட்டிய கார் ஷெட்டில் கார் நின்றது இரண்டு வருஷம்தான். அதற்குப் பிறகு ஒரு குதிரைத் திறன் கடைசல் மெஷின் வந்தது, அடுத்து இரண்டு குதிரைத் திறன் வட்ட வாள், தூசு உறிஞ்ச ஒரு மோட்டார், உளி தீட்ட ஒரு கிரைண்டர், கடைசியாக ஒரு கம்ப்ரஸர். பூவரசிலும் வேம்பிலும் பம்பரம், செப்புச் சாமான், சப்பாத்திக் கட்டை கடைகிறேன். சனி ஞாயிறு முழுக்க அங்கேதான் போகும்.

இத்தனை மெஷினும் ஓடியது ஒரே ஒரு பவர் பிளக்கில், அதில் மாட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். வாளைப் போட்டால் லைட் மங்கும். மோட்டார் இரண்டு விநாடி முனகிவிட்டுத்தான் வேகம் எடுக்கும். பழைய மோட்டார், அப்படித்தான் என்று விட்டிருந்தேன்.

மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அப்பாவும் நானும் அந்தப் பிளக்கைக் கழற்றினோம். பின்னால் மூன்று முனை. ஒன்றில் சிவப்பு வயர், ஒன்றில் கறுப்பு. மேலே இருக்கிற பெரிய துளைக்கான முனை காலி. அந்தத் திருகாணியை யாரும் ஒருமுறைகூடத் திருகியதில்லை. அதன் பள்ளத்தில் ஸ்க்ரூ டிரைவர் பட்ட தழும்பே இல்லை, பித்தளை புதுசாக மின்னியது. சுவருக்குள் போகிற குழாயில் எட்டிப் பார்த்தால் அங்கேயும் இரண்டே வயர். கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் வயர், அந்தப் பச்சை வயர், வீட்டிலிருந்தே கிளம்பவில்லை.

வீடு கட்டும்போது கார் ஷெட்டுக்கு ஒரு பல்பு, ஒரு பிளக் போதும் என்று சொன்னது நாங்கள்தான். அதனால் வயர் மெலிசாக இருந்ததை நான் குறை சொல்லவில்லை. மூன்று துளை உள்ள பிளக்கைச் சுவரில் மாட்டிவிட்டு மூன்றாவதை வெறுமனே விட்டுப் போனதைத்தான் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பார்க்கிறவர்களுக்கு எர்த் இருப்பதாகவே தெரியும். ஆறு வருஷம் அதை நம்பி அந்த இரும்பைத் தொட்டிருக்கிறேன். என் மகள் தொட்டிருக்கிறாள்.

சரி, கரண்ட் எங்கிருந்து கசிந்தது? காயிலுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே எவ்வளவு தடை இருக்கிறது என்று அளக்கிற தன் பழைய கைச் சுற்று மெக்கரை அப்பா பரணிலிருந்து இறக்கினார். கடைசல் மெஷின் மோட்டாரைக் கழற்றி, ஒரு முனையைக் காயிலிலும் இன்னொன்றை மோட்டார் உடம்பிலும் பிடித்து, கைப்பிடியைச் சீராகச் சுற்றினார். முள் 0.3 மெகா ஓமில் நின்றது. "ஒண்ணாவது காட்டோணும். காயில் மழைக்கு ஈரம் இழுத்திருச்சு" என்றார். மூன்று லட்சம் ஓம் என்றால் 230 வோல்ட்டில் முக்கால் மில்லி ஆம்பியர் வரை கசியும். ஏறக்குறைய அரை மில்லி ஆம்பியரிலிருந்தே விரலுக்குத் தெரியத் தொடங்கும் என்பதால்தான் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. மோட்டாரை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, இரண்டு நாள் மூடி வைத்தார். மூன்றாம் நாள் சுற்றியபோது முள் இருபதைத் தாண்டியது.

மோட்டார் சரியானதோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. ஈரத்தில் கசிந்த மோட்டார், காயில் எரிந்து உடம்போடு ஒட்டினால் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்குத் தூக்கம் போனது அந்தக் கேள்வியால்தான்.

தை பிறந்ததும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டோம். முப்பது வயசுப் பையன், அப்பாவின் பேரைக் கேள்விப்பட்டிருந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இருக்கற குழாயிலேயே ஒரு பச்சை வயரைக் கோத்து விட்டர்லாங்கக்கா, செலவு கம்மி" என்றார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாளைக் காட்டினார். "அது ஓடற கரண்டைப் பார்க்காதீங்க தம்பி. கெளம்பற கரண்டைப் பாருங்க."

அன்று சாயங்காலம் மூன்று பேரும் உட்கார்ந்து போட்ட கணக்கை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். இரண்டு குதிரைத் திறன் வாள் மோட்டார் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு விநாடியில் அதைப்போல ஆறு மடங்கு, அதாவது 66. வீட்டு போர்டிலிருந்து ஷெட்டுக்குக் குழாய் வழி 22 மீட்டர். போக வர 44. பழைய 1.5 ஸ்கொயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு 0.58 ஓம் வரும். 66-ஐ 0.58-ஆல் பெருக்கினால் 38 வோல்ட். வீட்டில் 230 இருந்தால் வாளுக்குக் கிடைப்பது 192. மோட்டாரின் முறுக்கு விசை வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறையும் என்பதால், கிளம்புகிற பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வழியிலேயே போய்விடுகிறது. மோட்டார் முனகியதும் லைட் மங்கியதும் இதனால்தான். 6 ஸ்கொயர் வயர் போட்டால் 0.145 ஓம், கிளம்பும்போது இறங்குவது 10 வோல்ட்டுக்குள் நிற்கும். மோட்டார் பழசு என்று நான் ஆறு வருஷம் நினைத்திருந்தேன். பழசானது வயர்.

அந்தக் கணக்கைப் பார்த்ததும் தம்பியே, "இழுக்கறது இழுக்கறோம், ஆறு ஸ்கொயரே இழுத்தர்லாங்க" என்றார். பழைய குழாயை விட்டுவிட்டு, புதுசாக 25 மில்லிமீட்டர் குழாயைச் சுவருக்கு வெளியிலேயே கொண்டுவந்தோம். வீட்டு முனையில் 32 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி, கரண்ட் அளவு மீறினால் இரண்டு வயரையும் தானாக அறுக்கிற சுவிட்ச். எங்களுடையது ஏசி போட்டபோதே மூன்று பேஸ் ஆக்கிய இணைப்பு. அதில் லோடு குறைவாக இருந்த பேஸை ஷெட்டுக்குக் கொடுத்தார். மீட்டர் பக்கம் சீல் வைத்த எதையும் தொடவில்லை.

எர்த் குழிக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கப் போனது. முதலில் தம்பி குறித்த இடம் கறிவேப்பிலை மரத்தடி. குழியில் உப்புப் போட்டால் மரம் தாங்காது என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னது நியாயம்தான். கடைசியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தோண்டினோம். தினமும் தண்ணீர் விழுந்து ஊறுகிற இடம். எர்த்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப், பக்கவாட்டில் துளை போட்டது, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கரியும் உப்பும். மேலே ஒரு புனல், தண்ணீர் ஊற்ற. பைப்பின் தலையில் போல்ட் போட்டு முறுக்கிய வயரை ஷெட்டின் எர்த் பட்டைக்கும், அங்கிருந்து வீட்டின் பழைய எர்த்துக்கும் சேர்த்தார். எர்த் டெஸ்டர் வைத்து அளந்தபோது 4 ஓம்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாவுக்கு இல்லை. "நாலு ஓம் எர்த் நல்ல எர்த்துதான் கண்ணு. ஆனா அது மட்டும் பத்தாது" என்று ஒரு துண்டுப் பேப்பரில் எழுதிக் காட்டினார். கரண்ட் வருகிற பேஸ் வயர் மெஷின் உடம்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பச்சை வயரில் இறங்கி, நம் குழி வழியாக மண்ணுக்குள் போய், டிரான்ஸ்பார்மரின் எர்த்தில் ஏறித் திரும்ப வேண்டும். நம் குழி 4, அந்தப் பக்கம் 1 என்று வைத்தாலும் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். மெஷின் லைனில் மோட்டாருக்கென்று போடுகிற 20 ஆம்பியர் சி வகை எம்சிபி சட்டென்று விழ, 100-லிருந்து 200 ஆம்பியர் வரை வேண்டும். 46-இல் அது சூடேறி, நிதானமாக, சில சமயம் நிமிஷக் கணக்கில்தான் விழும். கோடையில் மண் காய்ந்து குழி 12 ஓம் ஆகிவிட்டால் வருவது 18 ஆம்பியருக்கும் கீழே. அப்போது எம்சிபி விழவே விழாது. மெஷின் உடம்பு கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜில் நின்றுகொண்டே இருக்கும்.

நாற்பது வயசுக்கு மேல் எனக்கு இது புதுசு. எம்சிபி இருக்கிறது, எர்த் இருக்கிறது, இனி பயமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த இடத்தை நிரப்புவதுதான் ஆர்சிசிபி என்கிற கசிவு சுவிட்ச். பேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமா என்பதை மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் அறுத்துவிட வேண்டும். கசிவு பெரிதென்றால் இன்னும் வேகமாக. குழி 4 ஓமோ 40 ஓமோ, அதற்குக் கவலையில்லை. ஆனால் என் கையைக் கடித்த முக்கால் மில்லி ஆம்பியரை அது கண்டுகொள்ளாது. அதை மண்ணுக்குக் கொண்டுபோக எர்த் வயர் வேண்டும். வயர் சூடாவதையும் அது பார்க்காது, அதற்கு எம்சிபி. மூன்றும் சேர்ந்தால்தான் முழுசு. ஷெட்டில் இரண்டு ஆர்சிசிபி போட்டோம், மெஷின்களுக்கு ஒன்று, லைட்டுக்குத் தனியாக ஒன்று. எதிலாவது கசிந்து லைன் விழுந்தால், வாள் நிற்க இன்னும் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடி இருட்டில் அதன் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது.

பிரச்சினை அதற்கு மறுநாள் வந்தது. மூலையில் இருந்த சின்ன பல்பைப் போட்டால் மெஷின் ஆர்சிசிபி டப்பென்று விழுந்தது. வாளைப் போட்டால் விழவில்லை, கடைசல் மெஷினைப் போட்டால் விழவில்லை, ஒன்பது வாட் எல்ஈடி பல்புக்கு விழுகிறது! தம்பி ஆர்சிசிபியையே மாற்றிப் பார்த்தார். அதுவும் விழுந்தது. பிறகு அரை நாள், நியூட்ரல் பட்டையில் இருந்த கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார். ஆறாவது வயரில் பிடிபட்டது. கரண்ட் போனாலும் எரியட்டும் என்று அந்தப் பல்புக்கு வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து யாரோ பேஸ் கொடுத்திருக்கிறார்கள். நியூட்ரலை மட்டும் அருகிலிருந்த பிளக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒரு வழியாகப் போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது. ஒன்பது வாட் என்பது கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர். ஆர்சிசிபி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பழைய வயரிங் உள்ள வீட்டில் ஆர்சிசிபி மாட்டி, அது விழுந்துகொண்டே இருக்கிறது என்று கழற்றிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். தயவுசெய்து கழற்றாதீர்கள். முதலில் எந்த நியூட்ரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

மற்ற வேலைகள் சுருக்கமாக. வாளுக்கும் தூசு மோட்டாருக்கும் தனித்தனி 4 ஸ்கொயர் லைன். கடைசல் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் 2.5, லைட்டுக்கு 1.5. பிளக்குகள் எல்லாம் மூடி போட்ட இரும்புப் பெட்டி, கடையில் ஏசி பாக்ஸ் என்பார்களே, அது. பழைய பிளக்கைக் கழற்றியபோது உள்ளே ஒரு விரற்கடை உயரத்துக்கு மரத்தூள், அதில் காய்ந்துபோன ஒரு பல்லி. பொறி பறக்கிற இடத்தில் மரத்தூள் சேரவே கூடாது. சாக்கெட்டுகளை மேசைக்கு மேலே நான்கடி உயரத்தில் வைத்தோம், தரையில் வயர் ஓடாமல் இருக்க.

லைட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய சோக் டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது. என் கடைசல் மெஷினில் மரத்தைப் பிடித்துச் சுற்றுவது நான்கு தாடை சக்கு. ஒரு பெல்ட் நிலையில் அது நிமிஷத்துக்கு 1440 சுற்று, விநாடிக்கு 24. நான்கு தாடை என்பதால் ஒரே இடத்தை விநாடிக்கு 96 தாடை கடக்கிறது. 100-க்கும் 96-க்கும் இருக்கிற அந்தச் சின்ன வித்தியாசத்தால், முழு வேகத்தில் சுற்றும் சக்கு மெல்லப் பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும். 1500 சுற்றாக இருந்திருந்தால் அப்படியே நின்றிருக்கும். கையை நீட்டித் தொடலாம் போல. மெஷின் நின்றுகொண்டிருக்கிறது என்று நினைத்து மகள் ஒருமுறை கேட்டே விட்டாள், "அம்மா, இதை ஆஃப் பண்ணிட்டியா?" அவள் கேட்டாளே என்று இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். இப்போது போட்டிருப்பது, கரண்டைச் சீராகக் கொடுக்கிற நல்ல டிரைவர் உள்ள எல்ஈடி. வாங்குவதற்கு முன் கடையிலேயே போன் கேமராவில் பார்த்தேன். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கடைசியாக மோட்டார் ஸ்டார்டர். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் கடைந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மெஷின் ஓய்ந்ததும் சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டேன். மகள் ஷெட்டில் உட்கார்ந்து மெஷினுக்குக் கீழே கிடந்த மரச் சுருள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், கிரீடம் செய்ய. கரண்ட் வந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிய அதே நொடி ஷெட்டிலிருந்து மெஷின் சத்தம். நான் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள், கையில் சுருள்கள் அப்படியே. ஒன்றும் ஆகவில்லை. அன்று அவளுக்குத் தலை பின்னாமல் விட்டிருந்தேன். முடி தோளில் விரிந்து கிடந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

2012-இல் கோவையில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, அப்பா கடையில் எல்லா மெஷினும் ஸ்டார்டரில்தான் இருந்தன. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு இருக்கிற அதே பெட்டிதான். பச்சையை அழுத்தினால் உள்ளே ஒரு காயில் காந்தமாகி இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காந்தம் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அழுத்தினால்தான் ஓடும். தோட்டத்தில் ராத்திரி எப்போது கரண்ட் வருமோ என்று ஆட்டோ ஸ்டார்டர் போடுவார்கள். அங்கே அது தேவை. பட்டறைக்கு அது வரவே கூடாது. வாளுக்கும் கடைசல் மெஷினுக்கும் ஆளுக்கொரு ஸ்டார்டர், மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயோடு. ரிலேயை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு அப்பாவே திருகி வைத்தார்.

எல்லாம் முடிந்த அன்று மகளை வாசற்படியில் நிறுத்திவைத்து, மெஷினை ஓடவிட்டு, மெயினை இறக்கினேன். ஓய்ந்தது. மறுபடி ஏற்றினேன். லைட் மட்டும் வந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள், சத்தம் வரவில்லை. "இன்னொரு தடவை பண்ணும்மா" என்றாள். நான்கு தடவை செய்தோம்.

மொத்தம் 34,000 ரூபாய் ஆனது, ஸ்டார்டர்களும் சேர்த்து. இப்போது மாதம் பிறந்தால் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். சித்திரை வெயிலில் குழியை அளந்தபோது 7 ஓம் காட்டியது. அன்றிலிருந்து அப்பா செவ்வாய்க்கிழமைதோறும் புனலில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். எந்த மெஷினையும் இன்னும் புறங்கையால்தான் முதலில் தொடுகிறார். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கி இரும்பைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் கை தானாக விலகும் என்று காயில் கடையில் பழகியது. மகளுக்கும் அதையே பழக்கியிருக்கிறார்.

கம்ப்ரஸருக்கு மட்டும் இன்னும் லைன் இழுக்கவில்லை. ஆடி கழியட்டும் என்கிறார் அப்பா, ஆவணி முதல் வாரம் வருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார். அதுவரை அதன் வயரைச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன்.